அப்பாவின் பழைய நம்பரில் எடுத்த ஓடிடி சந்தா: உள்ளே போகவும் முடியல, காசு போறதும் நிக்கல

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கும் அப்பாவுக்காகக் கேட்கிறேன். மாசம் பிறந்தா அவர் கணக்கில் இருந்து ஒரு ஓடிடிக்கு 249 ரூபாய் போயிட்டே இருக்கு. அந்த ஆப்பை டிவியில இருந்தும் போன்ல இருந்தும் எடுத்து ரொம்ப நாளாச்சு, வீட்ல யாரும் பார்க்கிறதும் இல்ல. உள்ள போய் கேன்சல் பண்ணலாம்னா லாகின் அவரோட பழைய மொபைல் நம்பர்ல இருக்கு. ஓடிபி அங்கதான் போகும். அந்த நம்பரை ரீசார்ஜ் பண்ணாம விட்டதுல அது கைமாறிடுச்சு. கூப்பிட்டா யாரோ எடுத்து ராங் நம்பர்னு சொல்றாங்க.

கம்பெனி சாட்ல கேட்டா "பதிவு செய்த எண்ணிலிருந்து தொடர்பு கொள்ளவும்"னு அதே பதில்தான் திரும்பத் திரும்ப வருது. அப்பாவோட கூகுள் பேயில ஆட்டோபே பகுதியைத் திறந்து பார்த்தேன், ஒண்ணுமே இல்ல. ஆனா காசு மட்டும் போகுது. எங்கிருந்துதான் எடுக்கிறாங்க? அது பென்ஷன் வர்ற கணக்கு. கார்டை பிளாக் பண்ணிடலாமான்னு அப்பா கேட்கிறார். வேற நல்ல வழி இருந்தா சொல்லுங்க.

தறிச்சத்தம்

பிளாக் பண்ணிடுங்க சிஸ்டர். பேங்க் ஆப்ல ஒரு நிமிஷ வேலை. கார்டே இல்லைன்னா எங்கிருந்து எடுப்பாங்க? புது கார்டு ஒரு வாரத்துல வீட்டுக்கே வந்துடும்.

கவுன்டர்_நம்பர்_4

கொஞ்சம் பொறுங்கம்மா. கார்டை பிளாக் பண்றது கடைசி வழியா இருக்கட்டும். அப்பா அதே கார்டுல வேற என்னென்ன கட்டிட்டு இருக்கார்னு முதல்ல பாருங்க. மெடிக்ளைம் பிரீமியம் அதுல ஓடிட்டு இருந்து, கார்டு செத்ததால தவணை நின்னு, பாலிசி காலாவதி ஆனவங்களை நான் வேலையில இருந்தப்ப நேர்ல பார்த்திருக்கேன். 249 ரூபாயை நிறுத்தப் போய் அதை இழக்கக் கூடாது.

கேன்சல் பட்டனைத் தேடுறதுக்கு முன்னாடி, காசு எந்த வாசல் வழியா போகுதுன்னு கண்டுபிடிக்கணும். நம்ம ஊர்ல பெரும்பாலும் நாலு வாசல். ஒண்ணு, டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ கொடுத்து அதுமேல போட்ட மேன்டேட், அதாவது தானா பணம் பிடிச்சுக்க நாம கொடுத்த அனுமதி. இரண்டாவது, யுபிஐ ஆட்டோபே. மூணாவது, கூகுள் பிளேயோ ஆப்பிளோ நடுவுல நின்னு வசூல் பண்றது. நாலாவது, போன் பில்லோடயோ பிராட்பேண்ட் பில்லோடயோ சேர்த்து வர்றது. ஒரு வாசல்ல போறதை இன்னொரு வாசல்ல நின்னு தேடினா கிடைக்காது. கூகுள் பே ஆட்டோபேயில யுபிஐ மேன்டேட் மட்டும்தான் தெரியும். கார்டு மேல போட்டது அந்தப் பக்கத்துல வராது. உங்களுக்குக் காலியா தெரியறதுக்கு அதுதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்.

அப்பா போன்ல வங்கியில இருந்து வந்த எஸ்எம்எஸ் எல்லாத்தையும் பாருங்க. பணம் பிடிக்கிறதுக்கு முந்தின நாள் வந்ததையும், பிடிச்ச பிறகு வந்ததையும், எண்களை மறைச்சிட்டு இங்க போடுங்க.

உதவும்_கரங்கள்_77

அந்த ஓடிடியோட கஸ்டமர் கேர் நம்பர் என்கிட்ட இருக்கு, உடனே ரீஃபண்ட் வாங்கித் தருவாங்க: [எண் நீக்கப்பட்டது]

நெறியாளர்

மேலே இருந்த தொலைபேசி எண்ணை நீக்கிவிட்டேன். அந்தக் கணக்கையும் முடக்கியாயிற்று. இந்தப் பகுதியில் யாரும் கஸ்டமர் கேர் எண் பகிர வேண்டாம். தேடுபொறியில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று போட்டால் வருபவற்றிலும் போலி எண்கள் நிறைய. கூப்பிட்டால் ரீஃபண்ட் தருகிறோம் என்பார்கள், திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார்கள், பிறகு கணக்கே காலியாகும். எந்த நிறுவனமாக இருந்தாலும் அதன் ஆப்பிலோ அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ இருக்கும் தொடர்பை மட்டும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே யாராவது ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

வைகைக்கரை

நன்றி நெறியாளரே. நல்லவேளை, நான் அந்த எண்ணைக் கூப்பிடல.

சார், நீங்க கேட்ட எஸ்எம்எஸ் கிடைச்சது. முதல் நாள் வந்தது இப்படி இருக்கு: "xxxx-இல் முடியும் உங்கள் டெபிட் கார்டில் பதிவான இ-மேன்டேட்டின்படி ரூ.249 நாளை பிடிக்கப்படும். விலக விரும்பினால் இந்த இணைப்பு" (ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழ்ல எழுதியிருக்கேன்). கீழ ஒரு நீளமான எண் இருக்கு. மறுநாள் பணம் பிடிச்சதுக்கு ஒரு எஸ்எம்எஸ். ஒவ்வொரு மாசமும் இப்படி ஜோடி ஜோடியா வந்திருக்கு. அப்பா அதை ஏதோ விளம்பரம்னு நினைச்சிருக்கார்.

கவுன்டர்_நம்பர்_4

அவ்வளவுதான், விடை கிடைச்சிடுச்சு. இது கார்டு மேன்டேட். வங்கியில அப்பாவோட இப்போதைய நம்பர் பதிவாகி இருக்கறதாலதான் அந்த எஸ்எம்எஸ் அவருக்கு வருது. அதனால ஓடிடிக்குள்ள போக முடியலைன்னாலும் வங்கி வழியா இதை நிறுத்தலாம்.

ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்ட்ல போட்ட சுற்றறிக்கையில இருந்து இந்த ஏற்பாடு வந்தது. முதல்ல 2,000 ரூபாய் வரைக்கும்தான் இருந்தது. அப்புறம் 5,000 ஆச்சு, 2022 ஜூன்ல 15,000 ஆச்சு. 2021 அக்டோபர் 1 முதல் கறாரா அமலுக்கு வந்தது. அந்த சமயத்துல நிறைய பேருக்கு மாசச் சந்தா திடீர்னு தடைபட்டது ஞாபகம் இருக்கும். இந்த வரம்புக்குள்ள இருக்கற தொகைக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்க மாட்டாங்க. அதுக்குப் பதிலா பணம் பிடிக்கறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி வங்கி தகவல் சொல்லியாகணும். யாருக்கு, எவ்வளவு, என்னைக்கு, எதுக்காகன்னு அதுல இருக்கணும். அந்த ஒரு தடவை மட்டும் வேண்டாம்னு சொல்லவும், மொத்தமா விலகவும் வழி இருக்கணும். எப்ப வேணும்னாலும் மேன்டேட்டைத் திரும்பப் பெற ஆன்லைன் வசதி கொடுக்கறது கார்டு கொடுத்த வங்கியோட பொறுப்பு. இந்த வசதிக்கு வாடிக்கையாளர்கிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுன்னும் அந்தச் சுற்றறிக்கை சொல்லுது.

செய்ய வேண்டியது இதுதான். எஸ்எம்எஸ்ல வந்த இணைப்பைத் தொட வேண்டாம், அதே மாதிரி போலியும் சுத்துது. வங்கியோட நெட் பேங்கிங்கிலயோ ஆப்லயோ நீங்களே போய் கார்டு பகுதியைத் திறங்க. ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன், இ-மேன்டேட், ரெக்கரிங் பேமென்ட், இப்படி ஏதோ ஒரு பேர்ல இருக்கும். பல வங்கிகள் இதை பில்டெஸ்க்ங்கற பேமென்ட் கம்பெனியோட எஸ்ஐ ஹப் தளத்துல வெச்சிருக்காங்க. அதனால அந்த இடத்துல வேற ஒரு பக்கம் திறந்தா பயப்படாதீங்க, ஆனா வங்கியோட சொந்தத் தளத்துல இருந்துதான் அங்க போயிருக்கணும். அங்க அந்தக் கார்டுல ஓடற எல்லா மேன்டேட்டும் வரிசையா தெரியும். கம்பெனி பேர், தொகை, அடுத்த தேதி எல்லாம் பார்த்து, அந்த 249-க்கு எதிரே இருக்கற ரத்து பட்டனை அழுத்துங்க. ஓடிபி கேட்கும். அது அப்பாவோட புது நம்பருக்குத்தான் வரும். ரத்தானதும் ஒரு எஸ்எம்எஸ் வரும், அதை அழிக்காம வெச்சிருங்க.

ஆன்லைன்ல கிடைக்கலைன்னா கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்க. "பணத்தைத் திருப்பிக் கொடுங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. "இந்த இ-மேன்டேட்டை ரத்து செய்யவும்"னு, அந்த நீளமான எண்ணைப் போட்டு எழுதி, இன்னொரு பிரதியில சீல் வாங்கிக்குங்க.

சுக்குக்காப்பி

இந்தத் திரியைப் பார்த்துட்டு வர்றவங்களுக்கு மத்த வாசல்களையும் நான் எழுதிடறேன். எங்க அபார்ட்மென்ட்ல பெரியவங்க நிறைய பேருக்கு இதை எடுத்துக் கொடுக்கறது நான்தான்.

ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணினா சந்தா நிக்கவே நிக்காது. புரொஃபைலை அழிச்சாலும், டிவியில லாக்அவுட் பண்ணினாலும் நிக்காது. ஆப் வெறும் ஜன்னல், ஒப்பந்தம் கணக்குல இருக்கு.

யுபிஐ ஆட்டோபேன்னா: கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம், எதுவா இருந்தாலும் புரொஃபைல் படத்தைத் தொட்டா உள்ள ஆட்டோபேன்னு ஒரு வரி இருக்கும். நடப்புல இருக்கற மேன்டேட்டைத் திறந்தா நிறுத்தி வைக்கவும் ரத்து பண்ணவும் தனித்தனி வழி இருக்கும். நிறுத்தி வைக்கறது தற்காலிகம், ரத்துதான் நமக்கு வேணும். ரத்து பண்ணும்போது யுபிஐ பின் கேட்கும். இந்த இடத்துல நிறைய பேர் பயந்து வெளிய வந்துடறாங்க, பின் போட்டா இன்னும் காசு போயிடுமோன்னு. நீங்களே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்தை அழுத்தி அதுக்காகக் கேட்கற பின் சரியானது, போடலாம். யாரோ போன்ல "ரத்து பண்ண பின் போடுங்க"ன்னு ஒரு கோரிக்கை அனுப்பினா மட்டும் போடாதீங்க. இரண்டும் வேற வேற.

இன்னொண்ணு, மேன்டேட்டை எந்த ஆப்ல போட்டீங்களோ அங்க முதல்ல தேடுங்க. போன்பேயில போட்டுட்டு கூகுள் பேயில தேடினா குழப்பம்தான்.

எனக்கு ரொம்பக் கோபம் வர்ற விஷயம் அந்த ஒரு ரூபாய் டிரையல். ஜோசியம், சின்னச் சின்ன நாடகத் தொடர் ஆப், இங்கிலீஷ் கத்துக்கொடுக்கற ஆப், எல்லாத்துலயும் இருக்கு. "1 ரூபாய்க்கு 7 நாள்"னு பெருசா எழுதியிருப்பாங்க. நாம யுபிஐ பின் போடறதுக்கு முன்னாடி வர்ற திரையை நிதானமா படிங்க. 1 ரூபாய் மேல பெருசா இருக்கும். கீழ சின்ன எழுத்துல, அதிகபட்சம் இவ்வளவு வரைன்னு ஒரு தொகை இருக்கும், அது 499 ஆகவோ 999 ஆகவோ இருக்கலாம். மாதம் ஒருமுறைன்னு இல்லாம, கேட்கும்போதெல்லாம்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு வரி இருக்கலாம். முடியற தேதி எத்தனையோ வருஷம் தள்ளி இருக்கும். அந்தப் பின் 1 ரூபாய்க்குப் போட்டது இல்ல, அந்த முழு அனுமதிக்கும் போட்டது. டிரையல் எடுத்தே ஆகணும்னா, எடுத்த அன்னைக்கே சந்தாவையும் மேன்டேட்டையும் ரத்து பண்ணிடுங்க.

கூகுள் பிளே வழியா எடுத்ததுன்னா: பிளே ஸ்டோர்ல நம்ம படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். போன்ல இரண்டு மூணு ஜிமெயில் இருந்தா ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க, பாதி நேரம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஐபோன்னா: செட்டிங்ஸ், மேல நம்ம பேர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஆப்பிள்ல டிரையல் முடிய 24 மணி நேரத்துக்கு முன்னாடியே கேன்சல் பண்ணிடணும், கடைசி நாள் ராத்திரின்னு வெச்சுக்காதீங்க. ஆப்பிளோட சொந்த சேவைகள்ல டிரையலை கேன்சல் பண்ணினா அப்பவே மூடிடும். மத்த பெரும்பாலானது கட்டின காலம் முடியற வரைக்கும் ஓடும். நெட்ஃபிளிக்ஸும் அப்படித்தான், கேன்சல் பண்ணினாலும் அந்த மாசம் முடியற வரை பார்க்கலாம். பார்த்த விவரத்தை 10 மாசம் வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள திரும்பச் சேர்ந்தா விட்ட இடத்துல இருந்து பார்க்கலாம். அதனால பட்டியல் போயிடுமேன்னு கேன்சலைத் தள்ளிப் போட வேண்டாம்.

தறிச்சத்தம்

சரி, கார்டை பிளாக் பண்ற யோசனையை விட்டுடறேன். ஆனா ஒரு சந்தேகம். மேன்டேட்டை ரத்து பண்ணிட்டா கதை முடிஞ்சதுதானே? அப்புறம் எதுக்கு ஓடிடி ஆப்லயும் போய் கேன்சல் பண்ணணும்னு எல்லாரும் சொல்றாங்க? கணக்குல பேலன்ஸ் இல்லாம வெச்சிருந்தாலே போதும்னு எங்க பக்கம் ஒருத்தர் சொன்னார்.

கவுன்டர்_நம்பர்_4

பேலன்ஸ் இல்லாம வெச்சிருக்கறது நல்ல வழி இல்ல தம்பி. யுபிஐ ஆட்டோபே ஒரு தடவை தோத்தா மறுபடி மூணு தடவை வரைக்கும் முயற்சி பண்ணும். 2025 ஆகஸ்ட்ல இருந்து அதுக்கு நேரம் ஒதுக்கியிருக்காங்க, காலையில 10 மணியில இருந்து 1 மணி வரைக்கும், சாயங்காலம் 5 மணியில இருந்து 9.30 வரைக்கும் எடுக்க மாட்டாங்க. மத்த நேரத்துல சம்பளமோ பென்ஷனோ வந்து விழுந்தா எடுத்துடும். கடன் தவணை மாதிரி வங்கிக் கணக்கு மேலேயே போட்ட நாச் மேன்டேட்னா இன்னும் மோசம், பணமில்லாம திரும்பினா வங்கியே அபராதம் போடும்.

உங்க முதல் கேள்வி முக்கியமானது. மேன்டேட்ங்கறது நாம வங்கிக்குக் கொடுத்த அனுமதி. சந்தாங்கறது கம்பெனியோட நமக்கு இருக்கற ஒப்பந்தம். ஒண்ணை முடிச்சா இன்னொண்ணு தானா முடியாது. மாசா மாசம் முன்பணம் கட்டற ஓடிடியில பெரிய சிக்கல் வராது, காசு வரலைன்னா அவங்களே மூடிடுவாங்க. ஆனா வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு மாசத் தவணையில கட்டற திட்டம் இருக்கு பாருங்க, அங்க மேன்டேட்டை மட்டும் நிறுத்தினா பாக்கின்னு கேட்பாங்க. அதனால வரிசை இது: முதல்ல கம்பெனியில சந்தாவை முடிங்க, உறுதி மெயில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அதுக்கப்புறம் வங்கியில மேன்டேட்டை ரத்து பண்ணுங்க. வைகைக்கரை அவர்களுக்கு கம்பெனி கதவு மூடியிருக்கறதால வங்கியில ஆரம்பிக்கச் சொன்னேன். கம்பெனிக்கு மெயில் போடறதை அவங்களும் விடக் கூடாது.

மெரினா_காத்து

சார் சொல்வதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். வருட ஒப்பந்தம், மாதத் தவணை என்பதற்குத் தெரிந்த உதாரணம் அடோபி என்ற மென்பொருள் நிறுவனம். முன்கூட்டியே முடித்தால் கட்ட வேண்டிய தொகையைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அமேசான் பிரைம் மீதும் அங்கே 2023 ஜூனில் வழக்கு வந்தது, சேர்வதை எளிதாக்கி விலகுவதைச் சுற்றி வளைத்து வைத்திருக்கிறது என்று. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு உடன்பட்டு முடித்துக்கொண்டார்கள். அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. ஆக இது உலகம் முழுக்க இருக்கிற பிரச்சினை. ஆப் நமக்குப் புரியவில்லையே என்று பெரியவர்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை. புரியாத மாதிரிதான் பல இடங்களில் கட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன்களை, அதாவது வாடிக்கையாளரை ஏமாற்றும்படி திரையை வடிவமைக்கும் தந்திரங்களை, தடை செய்யும் வழிகாட்டுதலை வெளியிட்டது. மொத்தம் 13 வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று சந்தாப் பொறி. சந்தாவை ரத்து செய்ய முடியாதபடியோ, நீண்ட சிக்கலான வேலையாகவோ வைப்பது, ரத்து செய்யும் இடத்தை ஒளித்து வைப்பது, இலவசம் என்று சொல்லிவிட்டுப் பணம் கட்டும் விவரத்தையோ தானாகப் பிடிக்கும் அனுமதியையோ கட்டாயமாக வாங்குவது, குழப்பமான வழிமுறை தருவது, எல்லாமே அதற்குள் வரும். சுக்குக்காப்பி சொன்ன ஒரு ரூபாய் டிரையலையும், பழைய எண்ணுக்கு ஓடிபி வந்தால்தான் பேசுவோம் என்பதையும் இந்த வரிகளை வைத்தே கேள்வி கேட்கலாம். புகார் எழுதும்போது "சந்தாப் பொறி" என்ற சொல்லையும் வழிகாட்டுதலின் ஆண்டையும் குறிப்பிடுங்கள். பொதுவாக எழுதிய புகாரைவிட அது கனமாக நிற்கும்.

பனங்கூடல்

நான் ஜேர்மனியில இருக்கிறன். இஞ்ச 2022 யூலை 1இல இருந்து ஒரு சட்டம் இருக்கு. இணையத்தில ஒப்பந்தம் செய்ய விடுற எந்த நிறுவனமும் அதே தளத்தில ஒரு பொத்தான் வைக்க வேணும், அதில "ஒப்பந்தங்களை இங்கே முடிக்கவும்" எண்ட மாதிரி தெளிவா எழுதியிருக்க வேணும். அதை அமத்தினா ஒரு படிவம் வரும், பெயர், ஒப்பந்த எண், எப்ப முடிக்கிறது எண்டு நிரப்பிப்போட்டு உறுதிப்படுத்தினாச் சரி. முக்கியமான விசயம், இதுக்கு லொகின் கேக்கக் கூடாது. வைகைக்கரை அக்காவுக்கு வந்த பிரச்சினை இஞ்ச இருந்தா அந்தப் பொத்தானோடயே முடிஞ்சிருக்கும். பிரான்சிலயும் 2023 யூன் 1இல இருந்து மூண்டு தட்டில முடிக்கலாம் எண்டு சட்டம் வந்திருக்கு. பரிசில இருக்கிற எங்கட ஆக்களுக்கும் சொல்லுங்கோ.

வங்கிக் கணக்கில இருந்து நேரா எடுக்கிற முறையில, அதாவது செபா எண்ட ஐரோப்பிய முறையில, நாங்களே அனுமதி குடுத்திருந்தாலும் எட்டுக் கிழமைக்குள்ள காரணம் சொல்லாமலே காசைத் திருப்பி எடுக்கலாம். அனுமதியே குடுக்காததெண்டா 13 மாதம். ஆனா தறிச்சத்தம் தம்பி கேட்ட கேள்வி இஞ்சயும் அப்பிடியே பொருந்தும். காசைத் திருப்பி எடுத்தாப்போல ஒப்பந்தம் முடியாது, வசூல் நிறுவனத்திட்ட இருந்து கடிதம் வரும். முதல் முடியுங்கோ, பிறகு காசைப் பாருங்கோ.

வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் கார்ட்டை மாத்தினா நிண்டிடும் எண்டு நம்ப வேண்டாம். விசா, மாஸ்டர்கார்ட் இரண்டும் புதுக் கார்ட்டின்ர எண்ணை நிறுவனத்துக்குத் தானாக் குடுக்கிற சேவை வச்சிருக்கினம். புது கார்ட்டிலயும் காசு போகும்.

கவுன்டர்_நம்பர்_4

பனங்கூடல் சொன்ன கடைசி விஷயத்துல இந்தியாவுல நிலைமை வேற. 2022 அக்டோபர்ல இருந்து இங்க கடைக்காரர் கார்டு எண்ணையே வெச்சிருக்க முடியாது, அதுக்குப் பதிலா டோக்கன்னு ஒரு மாற்று எண்தான். கார்டு புதுசானா, பழைய கடைகளோட இணைக்கட்டுமான்னு வங்கி நம்மகிட்ட சம்மதம் கேட்கணும். அந்தச் சம்மதத் திரையில எல்லாத்துக்கும் சரின்னு போட்டுடாதீங்க.

லாகின் கேட்காத பொத்தான் இங்கயும் வரணும். பெரியவங்களுக்கு நடக்கறதுல பாதிப் பிரச்சினை லாகின்லதான் மாட்டி நிக்குது.

தாமிரபரணி

ஓடிடிக்குப் பக்கத்து விஷயம் ஒண்ணு. எங்க அம்மா பட்டன் போன்தான் வெச்சிருக்காங்க. ரீசார்ஜ் பண்ற காசு ரெண்டு ரூபா, அஞ்சு ரூபான்னு கரைஞ்சிட்டே இருந்துச்சு. கேட்டா பக்திப் பாட்டு, காலர் டியூன், கிரிக்கெட் ஸ்கோர்னு என்னென்னவோ ஓடிட்டு இருக்குது. இதை நிறுத்த எல்லா கம்பெனிக்கும் பொதுவா 155223னு ஒரு நம்பர் இருக்கு, டிராய்ங்கற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. கூப்பிட்டும் நிறுத்தலாம், எஸ்எம்எஸ் அனுப்பியும் நிறுத்தலாம். நம்மகிட்ட இரண்டு தடவை சம்மதம் வாங்காம இந்த மாதிரி சேவையை ஆரம்பிக்கவே கூடாதுன்னு 2013லயே உத்தரவு இருக்குது. அம்மா போன்ல எல்லாம் நின்னு போச்சு. வயசானவங்க வீட்ல இருந்தா ஒரு தடவை பேலன்ஸ் கழியற விவரத்தை எடுத்துப் பாருங்க.

போன் கம்பெனி திட்டத்தோட ஓடிடி இலவசம்னு வந்திருந்தா அதை ஓடிடி ஆப்ல தேடாதீங்க. திட்டத்தை மாத்தினாத்தான் நிக்கும்.

வைகைக்கரை

மறுபடி வணக்கம். நல்ல செய்தி. வங்கியோட தளத்துல கார்டு பகுதிக்குப் போனதும், சார் சொன்ன மாதிரியே வேற பக்கம் ஒண்ணு திறந்தது. அதுல அந்த 249 இருந்தது. அதோட இன்னொரு வரியும் இருந்தது, அப்பா எப்பவோ எடுத்த ஒரு செய்தித் தளத்தோட வருடச் சந்தா. அது அவர் தினமும் படிக்கிறது, விட்டுட்டோம். ஓடிடியை ரத்து பண்ணினோம். ஓடிபி அவரோட இப்போதைய நம்பருக்கே வந்தது, ரத்தானதா எஸ்எம்எஸ்ஸும் வந்துடுச்சு. இந்த மாசம் அந்த முன்னறிவிப்பு எஸ்எம்எஸ் வரல, பணமும் போகல. எல்லாருக்கும் மனசார நன்றி.

இரண்டு கேள்வி மிச்சம் இருக்கு. நாங்க கேன்சல் பண்ணச் சொல்லி சாட்ல கேட்ட பிறகும் சில மாசம் பிடிச்சிருக்காங்க. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? அப்புறம், பழைய நம்பர் இப்ப யார்கிட்டயோ இருக்கே, அவங்க அப்பாவோட கணக்குக்குள்ள போயிட முடியுமா?

மெரினா_காத்து

இரண்டாவதை முதலில் பாருங்கள், அதுதான் அவசரம். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அந்த எண்ணில் ஓடிபி வாங்கி உள்ளே போகும் எந்தக் கணக்கும் இப்போது புதியவருக்குத் திறக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் கதவு திறந்துதான் கிடக்கிறது. ஓடிடி மட்டும் இல்லை. ஆதார், காஸ் இணைப்பு, இன்சூரன்ஸ், மின்வாரியம், ஜிமெயிலின் மீட்பு எண் எல்லாவற்றிலும் அப்பாவின் பழைய எண் எங்கெங்கே இருக்கிறது என்று உட்கார்ந்து மாற்றுங்கள். ஆதாருக்குச் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம், அதை முதலில் முடியுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வங்கியிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அனுமதி இல்லாத பரிவர்த்தனையை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்குப் பொறுப்பில்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 விதி மோசடிக்கானது. இங்கே மேன்டேட் அப்பாவே கொடுத்தது, முன்னறிவிப்பும் வந்திருக்கிறது. முன்னறிவிப்பே வராமல் எடுத்திருந்தாலோ, ரத்து செய்த பிறகும் எடுத்திருந்தாலோ வங்கியைப் பிடிக்கலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கேட்க வேண்டியது கம்பெனியிடம். 2020-இன் மின்வணிக விதிகளின்படி அவர்கள் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசாமல் அவருக்கு மெயில் போடுங்கள். சாட்டில் முதன்முதலாக ரத்து கேட்ட தேதியின் ஸ்கிரீன்ஷாட், அதன் பிறகு பிடித்த ஒவ்வொரு தொகையும் தெரியும் வங்கி அறிக்கை, மேன்டேட் ரத்தான எஸ்எம்எஸ், மூன்றையும் இணையுங்கள். கேட்பது மூன்று என்று தெளிவாக எழுதுங்கள்: கணக்கை மூடுவது, பழைய எண்ணை அதிலிருந்து விலக்குவது, ரத்து கேட்ட தேதிக்குப் பிறகு பிடித்ததைத் திருப்பித் தருவது. அதற்கு முந்தைய மாதங்களையும் சேர்த்துக் கேட்டால் மொத்தப் புகாரும் பலவீனமாகும், நான் சேர்க்க மாட்டேன்.

மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். பதிவு எண் தருவார்கள், கம்பெனிக்கு அவர்களே அனுப்புவார்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பதிவு செய்யுங்கள். ஒரே கம்பெனி மீது இப்படிப் பதிவுகள் சேரும்போதுதான் ஆணையத்தின் கவனத்துக்குப் போகும்.

வைகைக்கரை

ரொம்பத் தெளிவா இருக்கு. இன்னைக்கே மெயில் எழுதிடறேன். அப்பா பேர்ல எழுதணுமா, என் பேர்ல எழுதலாமா?

கவுன்டர்_நம்பர்_4

அப்பா பேர்ல, அப்பாவோட மெயில்ல இருந்து எழுதுங்க. கார்டு அவருடையது, ஒப்பந்தமும் அவருடையது. உங்க பேர்ல போனா "கணக்கு வெச்சிருக்கறவர் தொடர்பு கொள்ளணும்"னு மறுபடி சாட்ல சொன்ன கதையையே ஆரம்பிப்பாங்க. பழைய நம்பரைக் கேட்டா, அது இப்ப தன்கிட்ட இல்லைன்னு முதல் வரியிலயே எழுதிடுங்க. அடையாளத்துக்கு அந்த முன்னறிவிப்பு எஸ்எம்எஸ்ல இருந்த நீளமான எண்ணையும், பணம் பிடிச்ச தேதிகளையும் கொடுத்தா போதும், அவங்க பக்கத்துல கணக்கைத் தேடி எடுக்க முடியும். கார்டோட முழு எண்ணையோ, ஆதார் நகலையோ மெயில்ல கேட்டா கொடுக்காதீங்க. கார்டோட கடைசி நாலு எண் மட்டும் சொல்லலாம்.